பாட்டு வருகிறது, பேச்சு வரவில்லை

கேள்வி: நாங்கள் மதுரையில் பசுமலைப் பக்கம் குடியிருக்கிறோம். சி.எஸ்.ஐ. சபை. என் வீட்டுக்காரருக்கு வயது 49. கப்பலூர் சிட்கோவில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தார். மார்ச் மாதம் ஒரு ராத்திரி பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. எதிர்வீட்டு பாய்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார். சீக்கிரம் வந்ததால் ஊசி போட முடிந்தது என்று டாக்டர் சொன்னார். இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். பேச்சுதான் வரவில்லை. 'ஆமா', 'வேணாம்', 'இது... இது...' என்பதைத் தாண்டி வார்த்தை கிடையாது. ஆனால் பாமாலைப் பாட்டு போட்டால் கூடவே வரி பிசகாமல் பாடுகிறார். பல வருடம் பாடகர் குழுவில் பேஸ் (தாழ்ந்த ஆண்குரல்) பாடியவர். "பாட முடியுது, ஒரு ஸ்தோத்திரம் சொல்ல முடியலையா? மனசு கல்லாயிருச்சு" என்கிறார் என் நாத்தனார். எனக்கும் சில நேரம் அப்படித்தான் தோன்றுகிறது. பாடும்போதே குலுங்கிக் குலுங்கி அழுதுவிடுகிறார். அதனால் வீட்டில் பாட்டுப் போடுவதையே நிறுத்திவிட்டோம்.

நான் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போகிறேன். வீட்டுக்கு வர ராத்திரி பத்து மணியாகிவிடும். நகையெல்லாம் அடகில். மகள் பிளஸ் டூ, மகன் ஏழாம் வகுப்பு. அப்பாவுக்குச் சாப்பாடு, கைகால் பயிற்சி, தம்பிக்குப் பாடம் எல்லாம் மகள்தான் பார்க்கிறாள். சபையார் எங்களுக்காக எவ்வளவோ ஜெபித்தார்கள், உதவினார்கள். டிசம்பர் 31ஆம் தேதி இரவு ஆராதனையில் நாலு பேரும் முன்னால் நின்று சாட்சி சொல்லி, ஸ்தோத்திரக் காணிக்கை படைக்க வேண்டும் என்பது என் ஆசை. அவர் வரமாட்டேன் என்று கையை ஆட்டுகிறார். மகளோ, "எதுக்கும்மா நன்றி? இந்த வருஷத்துக்கா?" என்று கேட்டாள். அறைந்துவிட்டேன். வழக்கமாகக் கிறிஸ்துமஸுக்குத் தெருவில் பதினைந்து வீட்டுக்குப் பலகாரம் கொடுப்போம். இந்த வருடம் வட்டிக்கு வாங்கித்தான் செய்ய வேண்டும். ஜெபக்குழுவில் ஒருவர், விசுவாசத்தோடு மாத்திரையை நிறுத்திப் பாருங்கள், பேச்சு தானாக வரும் என்கிறார். இவர்களை எப்படி நன்றி சொல்ல வைப்பது?

ஒரு சகோதரி, மதுரை

பதில்: அன்புள்ள சகோதரி,

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த மாத்திரை விஷயம், அதற்குத்தான் முதல் பதில். நிறுத்தக் கூடாது. ஒரு வேளைகூட. இரத்த அழுத்த மாத்திரையும், இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்திருக்கும் மாத்திரையும் பேச்சு வருவதற்கானவை இல்லை. இன்னொரு முறை பக்கவாதம் வராமல் தடுப்பதற்கானவை. ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். அந்தச் சகோதரர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் நிறுத்திய பிறகு ஏதாவது ஆகிவிட்டால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காரப் போவது அவர் இல்லை, நீங்களும் உங்கள் மகளும்தான். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு விடியற்காலையில் கிளம்பினால் மாத்திரை டப்பாவும் கைப்பையில் இருக்கட்டும். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை இன்னும் தளர்ந்தாலோ, இருக்கிற பேச்சும் திடீரென்று குழறினாலோ, பண்டிகை முடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

சரி, பாட்டு விஷயத்துக்கு வருவோம்.

உங்கள் நாத்தனாரின் கேள்வியை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பாடுகிற வாய்க்குப் பேச ஏன் முடியாது என்று யாருக்கும் தோன்றும். பக்கவாதம் வந்தவர்களின் குடும்பங்களோடு வேலை செய்கிற எனக்கு இது பழகிய கேள்வி. சில வீடுகளில் பாமாலைக்குப் பதில் சாமிப் பாட்டு, சில வீடுகளில் பழைய சினிமாப் பாட்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் வீட்டுக்காரருக்கு வந்திருப்பதை மருத்துவர்கள் அஃபேசியா என்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு மொழியைக் கையாளும் பகுதிகள் மூளையின் இடது பக்கத்தில் இருக்கின்றன. வலது கையையும் காலையும் இயக்குவதும் அதே இடது பக்கம்தான். அதனால்தான் வலது பக்கம் விழுந்தவர்களில் பலருக்குப் பேச்சும் கூடவே போய்விடுகிறது. புத்தி போகவில்லை, நினைவு போகவில்லை, உங்கள் மேல் உள்ள பாசமும் போகவில்லை. சொல்ல நினைத்ததற்கான வார்த்தையை எடுக்கிற இடம் அடிபட்டிருக்கிறது. தெரிந்த ஒரு பெயர் நுனி நாக்கில் நின்றுகொண்டு வராமல் படுத்தும் அவஸ்தை நமக்கு எப்போதாவது வரும். அவருக்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் அந்த அவஸ்தை.

பழகிய பாட்டு அப்படி இல்லை. ராகம், தாளம் இவற்றில் மூளையின் வலது பக்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அந்தப் பக்கம் அவருக்கு நன்றாகவே இருக்கிறது. வருடக்கணக்காகப் பாடிய வரிகளை அவர் தேட வேண்டியதில்லை, ராகத்தோடு தானாக வந்துவிடும். ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவது, கர்த்தருடைய ஜெபம், கோபத்தில் வாயில் வரும் வசவு எல்லாமே இந்தக் கணக்கில் சேர்ந்தவை. (வசவு முதலில் திரும்பி வந்துவிட்டதே என்று சங்கடப்படும் சபை ஊழியர் குடும்பங்கள்கூட உண்டு.)

இது இப்போது கண்டுபிடித்த புதிய விஷயமும் இல்லை. சுவீடனைச் சேர்ந்த ஓலோஃப் டாலின் என்பவர் 1745இல் ஒரு மனிதரைப் பற்றிக் குறிப்பு எழுதியிருக்கிறார். அந்த மனிதருக்கும் வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது. ஆனால் யாராவது தொடங்கிக் கொடுத்தால், நோய்க்கு முன்னால் கற்றிருந்த ஞானப்பாட்டுகளை நல்ல ஆரோக்கியம் உள்ளவரைப் போலத் தெளிவாகப் பாடுவாராம். சில ஜெபங்களையும் ஒரு தாளத்தோடு சொல்வாராம். உங்கள் வீட்டுக்காரரை நேரில் பார்த்துவிட்டு எழுதியதுபோல இல்லை?

அதனால் பாட்டுக்குள் 'ஸ்தோத்திரம்' என்ற சொல் வந்தால் வாய் நிறையப் பாடுவார். "எங்கே, ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்று நாலு பேர் முன்னால் கேட்டால் அதே சொல் வராது. கேட்கக் கேட்க இன்னும் தூரமாய்ப் போகும். இதில் மனசு கல்லானதற்கு அடையாளம் எதுவும் இல்லை. நாத்தனாருக்கு இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

அழுகையைப் பற்றி. பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்கு அழுகையும் சிரிப்பும் கட்டுக்குள் நிற்காது. சின்னத் தூண்டுதலுக்கே பொங்கும், சில நிமிடத்தில் தணியும். உள்ளே அந்த அளவு துக்கம் இருக்க வேண்டும் என்பதில்லை. அதனால், அழுகிறாரே என்று நீங்கள் பாட்டை நிறுத்தியது, அவரிடம் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த ஒன்றையும் எடுத்துவிட்ட மாதிரி ஆகியிருக்கலாம். அவரையே கேளுங்கள். "பாட்டு வேணுமா?" என்று கேட்டால் 'ஆமா', 'வேணாம்' இரண்டில் ஒன்று சொல்லப் போகிறார். சில சமயம் 'ஆமா' என்று சொல்ல வந்து 'வேணாம்' என்றுவிடுவார், இந்த நோயில் அதுவும் உண்டு. தலையாட்டலையும் சேர்த்துப் பாருங்கள், சந்தேகமாக இருந்தால் இன்னொரு முறை கேளுங்கள். வேண்டும் என்றால் அழுதாலும் ஓடட்டும். பக்கத்தில் ஒரு துண்டை வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

ஆனால் இன்னொரு வகையும் இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. நாள் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி இருப்பது, பிடித்த சாப்பாட்டையும் ஒதுக்குவது, விடியுமுன்பே விழித்துக்கொண்டு கிடப்பது, பயிற்சிக்குக் கூப்பிட்டால் எதற்கு என்பதுபோல் கையை விரிப்பது, இதெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டுங்கள். அதற்கு மருந்து இருக்கிறது, கேட்கிறது. சாக வேண்டும் என்பதுபோல் ஏதாவது சைகை காட்டினால் நாள் பார்க்காதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. உங்களுக்கே தாங்க முடியாமல் போகும் ராத்திரிக்கும் அதே எண்தான்.

இப்போது 31ஆம் தேதி. அவர் இடத்தில் நின்று பாருங்கள். எத்தனையோ வருடம் சபையைப் பார்த்தபடி நின்று பாடியவர். அதே சபைக்கு முன்னால், அதே மைக்குக்கு முன்னால், 'இது... இது...' என்று நிற்கச் சொல்கிறீர்கள். சுற்றியிருப்பவர்கள் "பேசுங்கண்ணே, பேசுங்க" என்று உற்சாகப்படுத்துவார்கள். அது ராத்திரி பதினோரு மணிக்கு மேல் நடக்கும் ஆராதனை. அஃபேசியா உள்ளவர்களுக்குக் களைப்பு ஏற ஏற வார்த்தை குறையும். அவர் மறுப்பது சாட்சியை இல்லை, அந்த நிற்பை. நானாக இருந்தாலும் கையை ஆட்டியிருப்பேன்.

அதற்குப் பதில் இப்படிச் செய்து பாருங்கள். டிசம்பரில் வீடு வீடாகப் பாடிக்கொண்டு வரும் கீதப் பவனி எப்படியும் உங்கள் தெருவுக்கு வரும். அவரோடு பாடிய பழைய ஆட்களில் மூன்று நான்கு பேரை மட்டும் ஒரு மாலை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். டிரம் வேண்டாம், கிறிஸ்துமஸ் தாத்தா வேண்டாம். எல்லோருக்கும் பாடமான ஒரு பழைய பாட்டை, வழக்கத்தைவிட மெதுவாக, முதல் வரியை அவர்கள் தொடங்கட்டும். அவர் சேர்ந்தால் சேரட்டும், சும்மா கேட்டுக்கொண்டிருந்தாலும் நல்லதுதான். முன்கூட்டியே அவரிடம் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். திடீர் மகிழ்ச்சி கொடுக்கிறோம் என்று எதையும் ஏற்பாடு செய்யாதீர்கள்.

கண்டிப்பாக ஒன்று: யாரும் வீடியோ எடுக்கக் கூடாது. "பேசவே முடியாதவர் பாடுகிறார், அற்புதம்!" என்று சபை வாட்ஸ்அப் குழுவில் அது பத்து நிமிடத்தில் போய்விடும். மறுநாள் பார்க்கிறவர்கள் எல்லாம் அவரைப் பேசச் சொல்வார்கள். அவருக்கு வராது. அப்புறம் அது யாருடைய விசுவாசக் குறைவு என்று பேச்சு கிளம்பும். நம் சபைகளில் இது நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சாட்சியை நீங்கள் தனியாகச் சொல்லலாம். கூட நிற்க விருப்பமுள்ளவர்கள் நிற்கட்டும். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு, ஆமா வேணாம் வாங்கிக்கொண்டு போங்கள். அவருடைய உடம்பைப் பற்றிய செய்தி அது. கஷ்டமெல்லாம் தீர்ந்ததுபோல முடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. "உயிரோடு இருக்கிறார், நடக்கிறார், பேச்சு இன்னும் வரவில்லை, நகை இன்னும் அடகில்தான் இருக்கிறது, நீங்கள் கொடுத்த அரிசியை நாங்கள் சாப்பிட்டோம்" என்றாலே சாட்சிதான் என்பது என் எண்ணம். வேதப்படி இது போதுமா என்று சந்தேகம் வந்தால் உங்கள் ஆயரைக் கேளுங்கள், அது என் வேலை இல்லை.

உங்கள் மகளைப் பற்றி எழுதத்தான் எனக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் வேண்டும்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பாய்க்கு நன்றி இருக்கிறது. டாக்டருக்கு இருக்கிறது. சபையாருக்கு நிறைய இருக்கிறது. மார்ச்சிலிருந்து அப்பாவுக்குச் சோறு போட்டு, கையை மடக்கி நீட்டி, தம்பியைப் படிக்க வைத்து, அதற்கு நடுவில் பிளஸ் டூவும் படிக்கிற பெண்ணுக்கு ஒரே ஒரு வரி. அதுவும் தகவலாகத்தான் இருக்கிறது. அடுத்து அவள் வருவது அறை வாங்கும் இடத்தில். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. காலையிலிருந்து நின்றுகொண்டே புடவை விரித்துப் போட்டுவிட்டு, பத்து மணிக்கு வீடு திரும்பும் ஒருவருக்கு வீட்டில் நடப்பதில் பாதி கண்ணில் படாது. நடக்காமல் போனதுதான் கண்ணில் படும்.

"எதுக்கு நன்றி?" என்று அவள் கேட்டதில் தேவ தூஷணம் எதுவும் இல்லை. சங்கீதப் புத்தகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடுதான். 13ஆம் சங்கீதம் 'எதுவரைக்கும்' என்ற கேள்வியை வைத்தே தொடங்குகிறது. 88ஆம் சங்கீதம் ஆறுதல் சொல்லாமல், இருட்டிலேயே முடிகிறது. அவற்றையும் சேர்த்துத்தான் ஆராதனையில் வாசிக்கிறோம். பதினேழு வயதுப் பெண் அதையே வீட்டுப் பேச்சில் கேட்டால் மட்டும் கை ஓங்குகிறோம்.

முதலில் அறைந்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள். 'ஆனால் நீயும்' என்று ஒட்டுப் போடாமல் கேளுங்கள். பிறகு நன்றி சொல்லுங்கள். "நீ நல்ல பிள்ளைடா" என்று மொத்தமாகச் சொன்னால் அவளுக்கு உறைக்காது. இன்ன மாதம், இன்ன நாள், இன்ன வேலை என்று சொல்லுங்கள். அப்பாவை முதன்முதலில் வாசல்வரை நடத்திக் கூட்டிப்போனது அவளாக இருக்கும். காலாண்டுப் பரீட்சை நேரத்தில் ராத்திரி அவரை எழுப்பிப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போனதும் அவளாகத்தான் இருக்கும். உங்களுக்குத் தெரியாவிட்டால் மகனிடம் கேளுங்கள், அவனுக்குத் தெரியும். சொன்ன உடனே அவள் கட்டிப்பிடித்து அழுவாள் என்று எதிர்பார்க்காதீர்கள். "சரி, சரி" என்று உள்ளே போய்விடுவாள். போகட்டும்.

சொல்லால் மட்டும் ஆகாது, அவளுக்கு நேரமும் வேண்டும். அரையாண்டுத் தேர்வு முடிந்தாலும் பொதுத்தேர்வு பக்கத்தில் நிற்கிறது. சபையில் "என்ன உதவி வேணும்?" என்று கேட்கிறவர்களிடம் "ஜெபம் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். வாரத்தில் இரண்டு மாலை, ஒன்றரை மணி நேரம் வந்து அவரோடு உட்கார ஆள் வேண்டும் என்று பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வாய்விட்டுக் கேளுங்கள். ஆண்களும் வரலாம், பாடகர் குழுவில் அவருக்குச் சோட்டு ஆட்கள் இல்லாமலா? அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரையும் இயன்முறைப் பயிற்சியும் வீட்டுக்கே வரும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு முழு நாள் அவள் சிநேகிதிகளோடு போய் வரட்டும். எங்கே போனாய், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்காத ஒரு நாள்.

பலகாரத்துக்கு வட்டிக்கு வாங்க வேண்டாம். இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. தட்டைக் காலியாகத் திருப்பித் தரக் கூடாது என்பது நம் ஊர்ப் பழக்கம்தான். தீபாவளிக்கு வந்த தட்டில் இரண்டு வாழைப்பழம் வைத்துக் கொடுத்தால் பழக்கம் காப்பாற்றப்பட்டுவிடும். உங்கள் வீட்டு நிலைமை அந்தப் பதினைந்து வீட்டுக்கும் தெரியும். முறுக்கு வரவில்லையே என்று யாரும் எண்ணிக்கொண்டிருக்கப் போவதில்லை. எண்ணுகிறவர்கள் இருந்தால் எண்ணட்டும். எதிர்வீட்டு பாய் வீட்டுக்கு மட்டும் நீங்கள் நேரில் போங்கள், முடிந்தால் உங்கள் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு. மூளைக்குப் போகும் குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் அந்த ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அன்று ராத்திரி ஆட்டோ தேடி, யாரைக் கேட்பது என்று தெருவில் நின்றிருந்தால் அந்த நேரம் போயிருக்கும். பாய்க்கு இது தெரியாமலே இருக்கலாம். டாக்டர் சொன்னதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

25ஆம் தேதி வீட்டுக்கு வருகிறவர்களைப் பற்றிக் கொஞ்சம். ஒரே நேரத்தில் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டு பேசினால் அவருக்கு எதுவும் பிடிபடாது. டிவியை அணைத்துவிடுங்கள். ஒருவர் ஒருவராகப் பேசட்டும். காது நன்றாகக் கேட்கிறது, கத்த வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும், மனசுக்குள் பத்து எண்ணுகிற நேரமாவது. அவர் தேடிக்கொண்டிருக்கும் வார்த்தையை நாம் முந்திக்கொண்டு எடுத்துக் கொடுக்கக் கூடாது, அவராகக் கேட்டால் ஒழிய. குழந்தைகளிடம் பேசுவதுபோல அவரிடம் பேசுகிற உறவினர் ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார், அவரைக் காபி போடும் பக்கம் அனுப்பிவிடுங்கள்.

பேச்சு இனி வராது என்று முடிவுகட்ட வேண்டாம். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும், ஆனால் வருடக்கணக்கில் தொடரக்கூடியது. ராகத்தை வைத்தே வார்த்தையை வரவைக்கும் பயிற்சி முறையும் இருக்கிறது. அடுத்த முறை பெரியாஸ்பத்திரி போகும்போது காது மூக்கு தொண்டைப் பிரிவில் பேச்சுப் பயிற்சி பற்றிக் கேளுங்கள். அவர் பாடுகிறார் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கடைசியாகப் பணம். அவருடைய சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இருந்ததா என்று இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். இருந்தால், வேலைக்குப் போக முடியாத நீண்டகால நோய்களுக்கு அவர்கள் இரண்டு ஆண்டுவரை கொடுக்கும் நீட்டிக்கப்பட்ட உதவித்தொகையில் ஒருபக்க வாதமும் வருகிறது. சராசரிக் கூலியில் 80 சதவீதம். நோய்க்கு முன்னால் இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும் என்பதுபோல் சில நிபந்தனைகள் உண்டு. கம்பெனியில் கணக்குப் பார்ப்பவரிடம் அவருடைய காப்பீட்டு எண்ணை வாங்கிக்கொண்டு தத்தனேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் விசாரியுங்கள். மார்ச் மாத டிஸ்சார்ஜ் சீட்டும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும், அசலைக் கொடுத்துவிடாமல் நகல் எடுத்துக்கொண்டு போங்கள்.